ஹம்மு வீட்டு நீர்முறை

தினூர்ஸா
2 அக்டோபர் 2003

தம்பி பாஸ்ஸு,

உனக்கும் உன் மனைவிக்கும் பிள்ளைகள் இரண்டுக்கும் இறைவன் சுகத்தைக் கொடுக்கட்டும்.

இது யாருடைய கையெழுத்து என்று யோசிக்காதே. என்னுடையதுதான். நம் சங்கத்துச் செயலாளர் ரக்கூஷ் வாரத்தில் மூன்று நாள் பிற்பகலில் பெண்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறாள். நாற்பத்தாறு வயதில் நானும் போய் உட்கார்ந்தேன். கோழி கிளறியது போல இருக்கிறது என்று நீ சிரிப்பாய். சிரி. இரண்டு வருடமாக என்னைத் திட்டக்கூட இல்லையே நீ.

இட்ரீஸ் கடையில் தொலைபேசி இருக்கிறது. அங்கே நின்று பேசினால் சர்க்கரை வாங்க வந்தவர்கள் வாங்கி முடித்த பிறகும் நகர மாட்டார்கள். அதனால்தான் கடிதம். பேருந்து ஓட்டுகிற மோஹா கொண்டுவந்து தருவான். பதிலையும் அவனிடமே கொடு.

விஷயத்துக்கு வருகிறேன். நீ தோண்டிய மோட்டார்க் கிணற்றை தர்பூசணிக்காரனுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் போனாய். குத்தகை பிப்ரவரியோடு முடிகிறது. அவன் மறுபடியும் எழுதிக்கொள்ள வருவான். எழுதிக்கொடுக்காதே என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். அவன் மோட்டார் விடியலிலிருந்து அந்தி வரை நிற்காமல் ஓடுகிறது. நம் கெத்தாராச் சுரங்க வாய்க்கால் நிலத்துக்கு அடியில் போகிற பாதைக்கு முன்னூறு அடி தள்ளித்தான் உன் கிணறு. மலையடியிலிருந்து நமக்கு வர வேண்டிய தண்ணீரை அது வழியிலேயே குடித்துவிடுகிறது. வாய்க்கால் வெளியே வருகிற இடத்தில் முன்பு முழங்கால் அளவு ஓடும், உனக்குத் தெரியும். இப்போது கணுக்கால் நனையவில்லை. இன்னொரு கோடையும் இப்படிப் போனால் தினூர்ஸாவில் நிற்கிற பேரீச்சைகள் விறகுக்குத்தான் ஆகும்.

ஊர் கூடி முடிவு செய்திருக்கிறது. இடிகிற இடத்திலெல்லாம் கெத்தாராவுக்கு சிமெண்டு வளையம் இறக்குகிறோம், எல்லாம் ஊர்க் கையாலேயே. அரசாங்கத்தையும் கேட்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. ஆனால் மேலே அந்த மோட்டார் ஓடுகிறவரை, கீழே நாங்கள் தூர் வாருவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்வதுதான். கிணறு உன் பெயரில் இருக்கிறது. அனுமதித் தாளும் உன்னிடம்தான். நீ சரி என்றால்தான் மூட முடியும்.

பேரீச்சை வெட்டு ஆரம்பித்துவிட்டது. உனக்கு ஒரு பெட்டி மோஹாவிடம் கொடுத்திருக்கிறேன். அவன் வழியில் தின்னாமல் இருந்தால் வந்து சேரும்.

உன் அக்கா,
இட்டோ

---

அகாதிர் பக்கம்
21 அக்டோபர் 2003

இட்டோ அக்காவுக்கு,

பெட்டி வந்தது. மேல் வரிசையை மோஹா தின்றிருக்கிறான்.

நீ எழுதக் கற்றுக்கொண்டது நல்லது. கற்றுக்கொண்டு எழுதிய முதல் கடிதம் ஊருக்காக. அதுவும் உன்னை அறிந்தவனுக்கு ஆச்சரியம் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஊர்க்கூட்டத்தில் என்னை நடுவில் நிற்க வைத்தார்கள். மடைக்காரர் சைத் உன் பக்கம் திரும்பி, "ஹம்மு மக, நீ சொல்லும்மா. ஒன் தம்பி கெணறு ஓட ஆரம்பிச்ச பெறகு கெத்தாராவுல தண்ணி கொறஞ்சுதா, கொறையலையா?" என்று கேட்டார். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. "கொறஞ்சுது" என்றாய். அந்த ஒரு சொல்லைக் கேட்ட பிறகு எனக்கு அந்த ஊரில் என்ன வேலை?

நான் ஏன் அந்தக் கிணற்றைத் தோண்டினேன் என்று யாராவது கேட்டீர்களா? அப்பா, கெத்தாராவுக்குள் இறங்குகிற கிணறுகளின் வரிசையில் பதினாலாம் கிணற்றுக்கு அடியில் தூர் வாரும்போது மண் சரிந்து செத்தார். நான் அப்போது ராணுவத்தில். வந்து சேர்ந்தபோது கல்லறை மண் காய்ந்திருந்தது. அடுத்த ஜனவரியில் வழக்கம்போல, வீட்டுக்கு ஓர் ஆள் என்று, தூர் வார ஊர் கூடியது. அதே சைத் அதே இடத்தில் நின்று ஒவ்வொரு வீட்டுப் பெயராகக் கூப்பிட்டார். "ஹம்மு வீடு!" என்றார். எதுவுமே நடக்காதது போல. "இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். மூன்று ஜனவரி இறங்கினேன். அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு தவழ்ந்தேன். என் மகன் இப்படித் தவழக்கூடாது என்றுதான் மோட்டார்க் கிணறு போட்டேன். பொத்தானை அமுக்கினால் தண்ணீர். ஆள் சாக வேண்டாம். இதில் என்ன பாவம்?

ஒரு வீடு மூன்று ஜனவரி ஆள் அனுப்பாவிட்டால் அதன் நீர்முறை போய்விடும் என்பது உங்கள் சட்டம். கிணறு போட்ட பிறகு நான் அனுப்பவில்லை. ஆகவே அப்பாவின் முறை எப்போதோ போயிருக்கும். பதினோரு நாளைக்கு ஒருமுறை, விடியல் தொழுகையிலிருந்து நண்பகல் வரை, நம் தாத்தா காலத்துத் தண்ணீர். இப்போது அதை யார் பாய்ச்சிக்கொள்கிறார்கள்? சைத்தா? கேட்டுச் சொல்.

உன் மரங்களுக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று குத்தகைக்காரனிடம் எழுதி வாங்கியிருக்கிறேன். அந்தக் குழாயில் வருவது உனக்குப் போதும். ஊருக்காக ரொம்ப அழாதே.

பாஸ்ஸு

---

தினூர்ஸா
28 நவம்பர் 2003

தம்பி,

நோன்பு முடிந்து எழுதலாம் என்று வைத்திருந்தேன். பெருநாளன்று உன் பிள்ளைகளை நினைத்தேன். மூத்தவளுக்குப் பல் விழுந்து முளைத்துவிட்டதா?

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை எழுத்துக் கூட்டத்தான் நேரம் போயிற்று. இரண்டாம் முறை கோபம் வந்தது. மூன்றாம் முறை அழுதேன். நீ மூச்சை அடக்கித் தவழ்ந்தாய் என்பதை இதுவரை என்னிடம் சொன்னதில்லை. மூன்று வருடமும் வீட்டுக்கு வந்து கை கழுவி, ரொட்டி கேட்டாய். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கூட்டத்தில் நான் சொன்னதைப் பற்றி. முந்தின நாள் நான் தனியாகப் போய் பதினைந்தாம் கிணற்றில் கயிறு விட்டுப் பார்த்தேன். தண்ணீர் மட்டத்துக்கு அப்பா முடிச்சுப் போட்டு வைத்திருந்த அதே கயிறு. அவர் போட்ட முடிச்சுக்கும் தண்ணீருக்கும் நடுவில் என் கை முழங்கை வரை காய்ந்த கயிறு. ஒருவேளை உன் கிணறு காரணமாக இருக்காது என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். இரவெல்லாம் அதையே நினைத்தேன். மறுநாள் கேட்டபோது வாயிலிருந்து உண்மை வந்துவிட்டது. உன் முகத்தைப் பார்த்திருந்தால் வந்திருக்காது. அதனால்தான் பார்க்கவில்லை. இது தப்பு என்றால் தப்புதான்.

முறையைப் பற்றிக் கேட்டாய். யார் பாய்ச்சிக்கொள்கிறார்கள் என்று. அதற்கு இப்போது பதில் சொல்ல மாட்டேன். ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீ எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள், ஆனால் சைத் மாமாவைப் பற்றி அப்படி எழுதாதே. அவருக்கு நெஞ்சில் மண் கட்டிவிட்டது. நாற்பது வருடம் குழிக்குள் மூச்சு விட்டவர். நாலு அடி நடந்தால் உட்கார்ந்துவிடுகிறார். அவர் வீட்டில் யாம்னா அத்தையைத் தவிர யாருமில்லை, தெரியும்தானே.

சிமெண்டு வளையம் வார்க்கிற வேலை நன்றாகப் போகிறது. பெண்கள் மணல் சலிக்கிறோம். ரக்கூஷ் வளையத்துக்கு அளவு போட்டுக்கொடுத்தாள். ஆண்கள் அவள் அளவைச் சரிபார்க்கிறேன் பேர்வழி என்று ஒரு வளையத்தைக் குட்டையாக வார்த்துவிட்டார்கள். இப்போது அது மசூதி வாசலில் குழந்தைகள் உட்கார உதவுகிறது.

பிப்ரவரிக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது. குத்தகையை எழுதிக்கொடுக்காதே.

எழுத்து கோணலாக இருந்தால் கையில் கொப்புளம். வேறொன்றும் இல்லை.

இட்டோ

---

அகாதிர் பக்கம்
19 டிசம்பர் 2003

அக்கா,

மகளுக்குப் பல் முளைத்துவிட்டது. கொஞ்சம் முன்னால் தள்ளி. உன்னைப் போல.

நான் இங்கே என்ன வேலை செய்கிறேன் என்று நீ கேட்டதில்லை. ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டியில் இருக்கிறேன். கண்ணுக்கெட்டிய தூரம் பிளாஸ்டிக் கொட்டகை, அதற்குள்ளே தக்காளி. வந்த புதிதில் எழுபது மீட்டரில் தண்ணீர் கிடைத்தது. இப்போது இருநூறு. ஒருவன் ஆழமாகப் போட்டால் பக்கத்துக்காரன் கிணறு வற்றுகிறது. அவன் இன்னும் ஆழமாகப் போட எங்களையே கூப்பிடுகிறான். எங்களுக்கு வேலைக்குக் குறைவில்லை.

போன வாரம் ஒரு ஆரஞ்சுத் தோட்டக்காரர். எழுபது வயது இருக்கும். துளைக்கு அருகிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் எத்தன மீட்டர்டா போகணும்?" என்றார்.

"இன்னொரு இருவது போட்டுப் பாக்கலாம்யா" என்றேன்.

"போன வருஷம் வந்தப்பவும் நீதானே இதச் சொன்ன?"

நான்தான் சொன்னேன். இருபதும் போட்டோம். புழுதிதான் வந்தது. மூன்று நாள் கழித்து அந்த வழியாகப் போனபோது மரங்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் அதே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து கையை உயர்த்தினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதையெல்லாம் எழுதுவதால் நான் மனம் மாறிவிட்டேன் என்று எண்ணாதே. நாங்கள் நால்வரும் ஒரே அறையில் இருக்கிறோம், கொட்டகைக்குப் போட்டு மிச்சமான பிளாஸ்டிக்தான் கூரை. பிள்ளைகள் பள்ளிக்குப் போவது அந்தக் குத்தகையால். தர்பூசணிக்காரன் ஆள் அனுப்பியிருந்தான். பிப்ரவரி கடைசியில் வருகிறேன், கையெழுத்துப் போடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்போது வேறு விஷயம். மோஹா பேருந்தைத் துடைத்துக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னான். "ஒங்க அக்கா கொழியில எறங்குதாமே! ஆம்பளைக்குச் சமமாக் கூடை நிரப்புதாம். ஊரே பேசுது." நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். பாவம், அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

உண்மையா? அப்பாவைத் தின்ற குழியில் உன்னை இறக்கியது யார்? அந்தச் சைத்தா? இழுக்க மூச்சில்லாமல் கிடக்கிற ஆள் என்று பார்க்க மாட்டேன், வந்து கேட்பேன். கையில் கொப்புளம் என்று எழுதினாயே, மணல் சலித்தா வந்தது அது?

உண்மையா, இல்லையா? ஒரு வரி எழுது.

பாஸ்ஸு

---

எர்ராஷிதியா
29 ஜனவரி 2004

தம்பி பாஸ்ஸு,

ஊர்ப் பெயர் மாறியிருக்கிறதே என்று பயப்படாதே. ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். வலது கால் எலும்பு முறிந்திருக்கிறது. கட்டுப் போட்டிருக்கிறார்கள், சேர்ந்துவிடும் என்கிறார்கள். கூடை மேலே போகும்போது கயிறு வழுக்கி என் மேல் விழுந்தது. யார் மேலும் தப்பில்லை. கயிறு ஈரம்.

ஆக, நீ கேட்ட ஒரு வரி இதுதான்: உண்மை. இது மூன்றாவது ஜனவரி.

யாரும் என்னை இறக்கவில்லை. இனி எல்லாவற்றையும் சொல்லலாம். சைத் மாமா டிசம்பர் கடைசியில் இறந்துவிட்டார். நான் வாக்குக் கொடுத்தது அவருக்குத்தான். அவர் இருக்கிறவரை உன் காதில் போடுவதில்லை என்று.

நீ கோபித்துக்கொண்டு போன பிறகு வந்த முதல் ஜனவரி. வீட்டுக்கு ஓர் ஆள் போக வேண்டும், நம் வீட்டில் நான்தான் ஆள். அப்பாவின் பழைய மேலங்கியைப் போட்டுக்கொண்டு கூட்டத்தின் ஓரத்தில் போய் நின்றேன். சைத் மாமா வீடுகளை வரிசையாகக் கூப்பிட்டார். நம் வீடு வந்தது. "ஹம்மு வீடு!" என்றார். நான் வாயைத் திறக்கிறேன், அதற்குள் அவரே தலையைக் குனிந்துகொண்டு "இருக்கு" என்றார். கூப்பிட்டவரே பதிலும் சொல்கிறார். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் பழகிய விஷயம் போல அடுத்த வீட்டுக்குக் காத்திருந்தார்கள்.

"மாமா, எங்க வீட்டுக்கு நீங்க எதுக்கு இருக்குங்கறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"மூணு வருஷமா நாந்தான் சொல்றேன். இன்னைக்கி என்ன புதுசாக் கேக்குற?"

புரிகிறதா தம்பி? நீ மோட்டார் போட்டு ஆள் அனுப்பாமல் விட்ட மூன்று ஜனவரியும் அவர் நம் வீட்டுக்குப் பதில் சொல்லியிருக்கிறார். சொன்னதோடு விடவில்லை. தன் வீட்டு வேலையை முடித்துவிட்டு மறுபடியும் இறங்கி நம் வீட்டு வேலையையும் செய்திருக்கிறார். உன் கிணற்றை எதிர்த்துக் கூட்டம் போட்டவரும் அவர்தான். நம் முறையைக் காப்பாற்றி வைத்தவரும் அவர்தான். முறை போகவில்லை. ஒரு நாளும் போகவில்லை. பதினோரு நாளைக்கு ஒருமுறை விடியலில் நம் மடை திறக்கிறது. என் மரங்கள் அதைத்தான் குடிக்கின்றன. குத்தகைக்காரன் விடுகிற குழாயை நான் இதுவரை திறந்ததே இல்லை.

"இனிமே நான் இருக்கேன். நீங்க எறங்க வேணாம்" என்றேன்.

அப்போதுதான் சிரித்தார்கள். "பொம்பள எறங்குனா தண்ணி கோவிச்சுக்கும்" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான்.

"நீங்க இத்தன பேர் எறங்கியும் அது கோவிச்சுக்கிட்டுத்தானே போயிட்டு இருக்கு. நான் எறங்கிப் பேசிப் பாக்கறேன்" என்றேன். அதற்கப்புறம் சிரிப்பு அவன் பக்கம் திரும்பிவிட்டது.

சைத் மாமா மட்டும் சிரிக்கவில்லை. மாலையில் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, தேநீரும் வேண்டாம் என்றார். "ஒங்கப்பன் எறங்கினப்ப மேல கயித்தப் புடிச்சிருந்தது நாந்தாம்மா. கயிறு திடீர்னு லேசாப் போச்சு. அந்த லேசு இன்னும் இந்தக் கையில இருக்கு" என்றார். அப்புறம்தான் வாக்கு வாங்கினார். "தம்பிகிட்ட சொல்லிடாத. கடன்னு நெனச்சுக்கிட்டு கெணத்த மூடுவான். அது வேணாம். அவனுக்கே தோணி மூடட்டும். நான் போன பெறகு வேணும்னா சொல்லிக்கோ."

நான் உன்னிடம் இரண்டு வருடம் இதை மறைத்தேன். நீ அவரைத் திருடன் போல எழுதினாய், அப்போதும் மறைத்தேன். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. உன் கடைசிக் கடிதம் வந்த அன்று அவருக்கு நினைவு தப்பிவிட்டது. நீ வந்து கேட்பேன் என்று எழுதியதை அவர் கேட்கவில்லை. நல்லவேளை.

பதினாலாம் கிணற்றடியையும் சொல்லிவிடுகிறேன். நானும் முதல் தடவை மூச்சை அடக்கித்தான் போனேன். இப்போது அங்கே வளையம் இறக்கியாகிவிட்டது. முதலில் இறங்கிய வளையம் அந்த இடத்துக்குத்தான், சைத் மாமா வேறு எங்கும் முதலில் போட விடவில்லை. இனி அங்கே மண் சரியாது. உன் மகன் தவழ வேண்டாம் என்றாய். நிமிர்ந்து நடக்க முடியாது, ஆனால் பயமில்லாமல் குனிந்து போகலாம்.

தியாகத் திருநாள் முடிந்ததும் பிப்ரவரி கடைசியில் இரண்டாம் தவணை வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். என் கால் கட்டில் இருக்கும். ஹம்மு வீட்டுக்குப் பதில் சொல்ல இந்த முறை யாரும் இல்லை. உன்னை வா என்று கூப்பிடவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

குத்தகையை என்ன செய்வதென்று உனக்கே தெரியும்.

இட்டோ

---

அகாதிர் பக்கம்
8 பிப்ரவரி 2004

அக்கா,

கால் எப்படி இருக்கிறது? வலி இருந்தால் மறைக்காதே. மறைப்பதில் நீ கைதேர்ந்தவள் என்று தெரிந்துவிட்டது.

கடிதத்தைப் படித்துவிட்டு வண்டிச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டேன். முதலாளி வந்து கத்தினான்.

தர்பூசணிக்காரனுக்கு ‘இல்லை’ என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மனைவியிடம் சொன்னேன். அவள், "ஒங்க அக்கா காலுக்கு எலும்பு சூப்பு யாரு வெச்சுக் குடுக்கறது?" என்று கேட்டாள். தக்காளிக் கொட்டகையில் அவளும் வேலைக்குப் போகிறாளாம்.

வேறு எழுத வரவில்லை.

பாஸ்ஸு

---

எர்ராஷிதியா
15 பிப்ரவரி 2004

தம்பி,

சாவி ரக்கூஷிடம் இருக்கிறது. அப்பாவின் குட்டைக் கைப்பிடி மண்வெட்டி மாட்டுத் தொழுவத்தில், கதவுக்குப் பின்னால். மேலங்கி பெட்டியில். முழங்காலுக்குத் துணி சுற்றிக் கட்டிக்கொள், இல்லாவிட்டால் இரண்டாம் நாளே வீங்கிவிடும். கோழிகளைப் பக்கத்து வீட்டில் விட்டிருக்கிறேன், மறக்காமல் எண்ணி வாங்கு, ஏழு.

வருகிறாய் என்று நீ எழுதவில்லை. எனக்கென்னவோ எழுதியது போலவே இருக்கிறது.

இட்டோ

---

தினூர்ஸா
26 பிப்ரவரி 2004

அக்கா,

கோழி ஆறுதான் இருக்கிறது. ஏழாவது நரிக்குப் போனது என்கிறார்கள். அந்த நரிக்கு இரண்டு கால் என்று எனக்குச் சந்தேகம்.

ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தேன். பேருந்தில் இருந்து இறங்கியதும் யாரும் என்னிடம் பேசவில்லை. சலாம் சொன்னார்கள், அதற்கு மேல் இல்லை. நியாயம்தான். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக மோட்டார்க் கிணற்றுக்குப் போனேன். குத்தகைக்காரன் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போயிருந்தான். கிணற்றின் வாயில் உட்கார்ந்திருந்தேன். இதைத் தோண்டியபோது எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? எல்லாரையும் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன் அக்கா. அதை மட்டும் நீ நம்ப வேண்டும்.

பிறகு பின்னால் மண்வெட்டிச் சத்தம். நான் கூப்பிடவில்லை, அவர்களாக வந்துவிட்டார்கள். பன்னிரண்டு பேர். கூட்டத்தில் எனக்கு எதிராகக் கை தூக்கியவர்கள்தான் எல்லாரும். அடியில் கல், மேலே மண், அதன் மேல் சிமெண்டு. இரண்டு நாளில் மூடினோம். அனுமதித் தாளை ரக்கூஷிடம் கொடுத்துவிட்டேன். அவள் அதைச் சங்கத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டி, "இனிமே யாராச்சும் கேட்டா, தொலஞ்சு போச்சு" என்றாள்.

கெத்தாராவில் தண்ணீர் ஏறவில்லை. உடனே ஏறாது. நிலத்துக்கு அடியில் நிரம்ப ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆகும், ஏறாமலே போனாலும் போகலாம் என்று துளை போடுகிற எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் பொய் எழுத மனமில்லை.

செவ்வாய்க்கிழமை நம் முறை. விடியலில் நானே மடையைத் திறந்தேன். ஆறு வருடத்துக்குப் பிறகு. உள்ளங்கை அகலத்துக்குத்தான் வந்தது. உன் மரம் ஒன்றின் அடியில் அது போய்ச் சேர எவ்வளவு நேரம் பிடித்தது என்றால், நான் உட்கார்ந்து ஒரு ரொட்டி தின்று முடித்தேன். நண்பகலில் மூடிவிட்டு எழுந்தபோது, இந்தத் தண்ணீரை எனக்காக யார் வாங்கி வைத்திருந்தார் என்பது நினைவுக்கு வந்தது. அப்போதுதான் அழுதேன். அதுவரை வரவில்லை. கல்லறைக்கும் போய்விட்டு வந்தேன். அப்பாவுக்கும் அவருக்கும் நடுவில் இரண்டு கல்தான் இடைவெளி.

புதன்கிழமை காலையில் ஊர் கூடியது. மடைக்காரராக இன்னும் யாரையும் வைக்கவில்லை, அதனால் ரக்கூஷ் பட்டியல் படித்தாள். நான் உன் இடத்தில், ஓரமாக நின்றேன். அப்பாவின் மேலங்கி எனக்குத் தோளில் பிடிக்கிறது. உனக்கு எப்படிச் சரியாக இருந்ததோ.

"ஹம்மு வீடு!"

"இருக்கு" என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் சட்டையைப் பிடித்த மோஹாகூட அங்கே நின்று பல்லைக் காட்டினான்.

பட்டியல் போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வீடும் பதில் சொன்னது. கடைசிக்கு முந்தின பெயரில் ரக்கூஷின் குரல் இறங்கிவிட்டது. "சைத் வீடு" என்றாள். யாம்னா அத்தை மசூதிச் சுவரோரம், அந்தக் குட்டை வளையத்தின் மேல் உட்கார்ந்திருந்தாள். தன் வீட்டுப் பெயரைக் கேட்டதும் எழுந்திருக்க முயன்றாள் அக்கா. கையை ஊன்றி எழப் பார்த்தாள்.

"இருக்கு" என்றேன்.

ரக்கூஷ் தாளிலிருந்து தலையைத் தூக்கினாள். "நீங்க ஹம்மு வீட்டுக்குத்தானே சொன்னீங்க?"

"ரெண்டு வீட்டுக்கும்."

அவள் எழுதிக்கொண்டாள். யாம்னா அத்தை மறுபடியும் உட்கார்ந்தாள். கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். பதினாலாம் கிணற்றடியில் மூச்சை விட்டுக்கொண்டே போனேன். இன்றும் இரண்டு ஆள் வேலை செய்தேன். நாளைக்கும் இரண்டு. முழங்காலுக்குத் துணி கட்ட மறந்துவிட்டேன், வீங்கியிருக்கிறது.

பாஸ்ஸு